ஏரிக்கு ஒரு காலண்டர், கடனுக்கு ஒரு காலண்டர்



பழவேற்காடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பூநாரையும் டச்சுக் கல்லறையும் இறால் வறுவலும் நினைவுக்கு வரும். உள்ளூரில் அன்றாடம் அடிபடும் கேள்விகள் இரண்டு. முகத்துவாரம் திறந்திருக்கிறதா? இந்த வார டியூ கட்டியாச்சா? முதல் கேள்வியைப் பற்றி ஆய்வறிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது கேள்வி திண்ணையைத் தாண்டி வருவதில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புநீரையும் இறால் குஞ்சுகளையும் உள்ளே அனுப்பும். அந்தக் குஞ்சுகள் ஏரியில் வளர்ந்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும்போது கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில் வலை காத்திருக்கும். ஏரியை நம்பிய குப்பங்களின் வருமானம் முழுக்க இந்தப் போக்குவரத்தை நம்பித்தான் இருக்கிறது.

போக்குவரத்து நின்றால் வருமானமும் நிற்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் மாதக்கணக்கில் வலை வெறுமனே வரும். அரசு வரும்வரை காத்திருக்க முடியாமல் ஊர்ப் பணத்தைப் போட்டு மண் அள்ளிய வருடங்களும் உண்டு. புயல் வந்தால் படகு போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இவை போதாதென்று, பெரும்பாலான மீன்பிடி ஊர்களுக்கு இல்லாத ஒரு விடுமுறை இங்கே உண்டு: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாள். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். நாடு கைதட்டும் நாளில் இங்கே ஒரு நாள் வருமானம் போகிறது. அந்த நாளுக்கும் சேர்த்தே டியூ கேட்கப்படும்.

ஏரிக்காரர்களுக்கு வருமானத்தின் ஏற்றத்தாழ்வை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் சமூகத்தின் மூன்று ஊர்களிலும் தலைமுறைகளாகப் ‘பாடு’ முறை இருக்கிறது. இறால் ஓடும் நல்ல இடங்களில் வலை கட்டும் உரிமை, தலைக்கட்டுக் கணக்கில் பெயருள்ளவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துத் தரப்படும். இன்று ஒரு குழு, நாளை இன்னொரு குழு. பலசாலி என்பதற்காகவோ பணக்காரர் என்பதற்காகவோ யாரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு உறவான குலுக்கல் முறை உண்டு. சாரா கோல்ட்ஹார்ட் போன்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தக் குப்பங்களைத் தேடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குறையும் இல்லாமல் இல்லை. பாடு எல்லோருக்கும் கிடையாது. ஏரிக்கரையின் தலித் மீனவர்களும், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

முறை வரும் இரவும் வராத இரவும் ஒன்றாகாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு பாடு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கி வாரந்தோறும் கட்டும் குழுக்கடன் அதற்கு நேர் எதிர். அதற்கு அமாவாசையும் தெரியாது, முகத்துவாரமும் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்றால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிதான். பழவேற்காட்டுக் குடும்பங்களை அழுத்துவது கடனின் அளவைக் காட்டிலும் இந்த இரண்டு காலண்டர்களின் மோதல்தான். அடைக்கும் வழியைத் தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வீட்டில் எத்தனை வகைக் கடன் இருக்கும்? வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பெண்கள் பெயரில் குழுக்கடன், கடைத்தெருவில் தண்டல், வங்கியிலோ அடகுக் கடையிலோ நகை, உறவுக்காரரிடம் கைமாற்று, பாதியில் எடுத்துவிட்ட சீட்டு. ஆறும் ஒரே வீட்டில் இருப்பது அபூர்வமில்லை. ஆறுக்கும் விலை வேறு வேறு. எது மலிவு, எது கொள்ளை என்பது வெளியே தெரிவதில்லை. பெரிய கொள்ளைகளில் ஒன்று, வட்டியே இல்லாத கடன் என்று பெயர் வாங்கியிருக்கும்.

விடியற்காலையில் கரையில் நின்று பார்த்தால் அது புரியும். கூடை கவிழ்கிறது. இறாலை அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். கிலோவுக்கு எத்தனை உருப்படி என்பதுதான் ‘கவுன்ட்’. 30 கவுன்ட்டுக்கு ஒரு விலை, 50 கவுன்ட்டுக்கு அதைவிடக் குறைவு. இடைப்பட்ட இறாலை எந்தக் குவியலில் தள்ளுவது என்பதை வியாபாரியின் ஆள் ஒரு கைவீச்சில் தீர்மானிப்பார். முன்பணம் வாங்காதவர் அங்கே சத்தம் போடுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போவார். முன்பணம் வாங்கியவர் பேசாமல் நிற்பார். அந்த மௌனம்தான் வட்டி. அதற்கு மேல் கமிஷன், தண்ணீர்க் கழிவு, எடைக் கழிவு.

கணக்குக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். முன்பணம் 40,000 ரூபாய். வருடத்துக்கு 2,50,000 ரூபாய் சரக்கு அதே வியாபாரிக்குப் போகிறது. கமிஷனும் விலைக் குறைப்புமாகச் சேர்ந்து நூற்றுக்கு 8 ரூபாய் கழிகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 20,000 ரூபாய். அதாவது ‘வட்டியில்லாக் கடனுக்கு’ 50 சதவீத வட்டி. அசல் 40,000 அப்படியே நிற்கும். அதே குடும்பம் வீட்டு நகையை வங்கியில் 11 சதவீதத்துக்கு வைத்து 40,000 வாங்கி வியாபாரியின் கணக்கை முடித்துவிட்டால் முதல் வருட வட்டி 4,400 ரூபாய். முன்பு வியாபாரியிடம் கழிந்த அதே 20,000-ஐ இப்போது வங்கியில் கட்டிக்கொண்டு வந்தால், வருடாவருடம் புதுப்பித்தாலும் இரண்டரை வருடத்துக்குள் நகை வீட்டுக்குத் திரும்பிவிடும். வியாபாரியிடமே இருந்திருந்தால் அதே இரண்டரை வருடத்தில் 50,000 போயிருக்கும்; 40,000 பாக்கியும் நின்றிருக்கும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் மாறுவதில்லை? மீனவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்கிறவர் மீன் ஏலத்தைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். மாறாததற்குக் காரணம் இருக்கிறது. நடுராத்திரியில் குழந்தைக்கு மூச்சு இரைத்தால் வங்கி திறந்திருக்காது. வியாபாரியின் வீட்டுக் கதவு திறக்கும். ஏரி முழுக்க இறால் வந்து விலை விழுந்த நாளிலும் அவர் சரக்கைத் திருப்பி அனுப்ப மாட்டார். காகிதம் கேட்க மாட்டார், ஜாமீன் கேட்க மாட்டார். அவர் விற்பது பணத்தை மட்டுமில்லை. ஆபத்துக்கு உதவும் ஏற்பாட்டையும் சேர்த்து விற்கிறார். அந்த ஏற்பாட்டுக்கு வீட்டிலேயே ஒரு மாற்று இல்லாதவரை அவருடைய முன்பணத்தை அடைத்தாலும் அது திரும்ப வரும்.

பழவேற்காட்டுக்கு முன்பணம் நேற்று வந்ததும் இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரைக்குத் தலைமையிடமாக வைத்திருந்தது. துணி வாங்கியது முன்பணத்தில்தான். கம்பெனி வியாபாரிக்குக் கொடுக்கும், வியாபாரி நெசவாளிக்குக் கொடுப்பார், நெசவாளி தறியோடு கட்டுண்டு கிடப்பார். பஞ்சம் வந்த வருடங்களில் மனிதர்களே விலைபோய், இந்தத் துறையிலிருந்து டச்சுக்காரர்களின் பத்தாவியா நகரத்துக்கு அடிமைகளாகக் கப்பலேறினார்கள். டச்சுக் கல்லறையின் வேலைப்பாட்டை வியந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போகலாம்.

அடைத்த கடன் திரும்ப வரும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற பொருளாதார அறிஞர்கள் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளிடையே ஒரு சோதனை செய்தார்கள். கடும் வட்டிக்கு வாங்கியிருந்த கடனை மொத்தமாக அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். நேற்றுவரை வட்டிக்குப் போன பணம் இன்று முதல் பையில் நிற்கும்; ஆகவே தப்பித்துவிடுவார்கள் என்றுதானே தோன்றும்? பெரும்பாலானோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன்காரரிடம் போய் நின்றார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கடன் வாங்குவதில் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு ‘ஏழைக்குப் பணம் நிற்காது’ என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு. அதே முல்லைநாதன் வேறு மூவரோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குப் பதில் சொல்கிறது. தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரருக்குப் பணம் வெட்டு முடிந்தபின்தான் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கை வறண்டு கிடக்கும். ஒரே ஆளுக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். பணம் வருவதற்கு முன் மதிப்பெண் குறைந்தது. வந்தபின் அதே ஆள் நன்றாகச் செய்தார். நெருக்கடி மூளையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு மோசமாக இருப்பதற்குக் குணம் காரணமில்லை. மஞ்சள் நீராட்டுக்கும் மொய்க்கும் செலவழித்துத்தான் மீனவர் கெட்டார் என்று மேடை போட்டுப் பேசும் அதிகாரிகள், கடைசி வாரத்தில் தங்கள் கிரெடிட் கார்டு கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

இங்கேதான் சிக்கலான கேள்வி எழுகிறது. கடனை அடைத்துவிட்டுச் சேமிப்பதா, சேமித்துக்கொண்டே அடைப்பதா?

காகிதக் கணக்கு, முதலில் கடனை அடை என்று சொல்லும். தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க்கு எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாயாக நூறு நாளில் 10,000 திருப்ப வேண்டும். ‘ஆயிரம்தானே வட்டி’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டிருக்கிறது. கையில் சராசரியாக இருப்பது அதில் பாதி. சரியாகப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 78 சதவீதம் வரும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தருவது 4 சதவீதம். 78 கொடுத்துக்கொண்டே 4 வாங்குவதா என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் கேட்பார்.

வாத்தியாரின் கணக்கில் புயல் இல்லை. கையில் இருந்ததையெல்லாம் போட்டுத் தண்டலை அடைத்த குடும்பம், அடுத்த வாரம் முகத்துவாரம் அடைபட்டால் அதே தண்டல்காரரிடம்தான் போகும். இந்தமுறை அவர் 1,500 பிடிப்பார். ஆகவே முதல் சில ஆயிரம் ரூபாய்க்கு வட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது. அது சேமிப்பு என்பதைவிட ஏரியின் காலண்டருக்கும் கடனின் காலண்டருக்கும் நடுவே போடும் பாலம் என்பதே பொருத்தம். பாலம் எழும்பும்வரை இரண்டும் சேர்ந்து நடக்கட்டும். எழும்பியபின், வரும் உபரி முழுவதும் அதிக வட்டிக் கடனுக்கு. முதலில் தண்டல், அடுத்து முன்பணம், பிறகு குழுக்கடன், கடைசியில் வங்கி நகை. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. நகை கழுத்தில் இல்லாதது ஊருக்குத் தெரியும் என்பதால் முதலில் நகையை மீட்கிறார்கள். தண்டல் யாருக்கும் தெரியாது என்பதால் ஓடவிடுகிறார்கள். கௌரவத்துக்குக் கொடுக்கும் இந்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

பாலம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஏறக்குறைய ஒன்பது வாரம். அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்: ஒன்பது வார டியூ. 50,000 ரூபாய்க் குழுக்கடன் 24 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு என்றால் வாரத்துக்குச் சுமார் 606 ரூபாய். ஒன்பது வாரத்துக்கு 5,500-க்குப் பக்கத்தில். தடைக்கால நிவாரணமாக அரசு தரும் 8,000 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குழுக்கடன் உள்ள வீட்டில் 2,500 மிஞ்சும். இரண்டு குழுக்கடன் உள்ள வீட்டில் நிவாரணம் வந்த வழியே போய், கூடவே கைக்காசும் போகும். அரிசிக்கு வந்த பணம் தவணைக்குப் போகிறது. வருடத்தின் நல்ல மாதங்களில் ஒன்பது வார டியூவை ஒதுக்கிவைத்த வீட்டில் மட்டும்தான் நிவாரணம் நிவாரணமாக இருக்கும்.

ஒதுக்குவது எப்படி என்பதில் கன்னியாகுமரிக் கரை ஒரு பாடம் வைத்திருக்கிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக ‘சிஃப்ஸ்’, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் ஊர்ச் சங்கங்களை இணைத்தது. கரையில் மீனை ஏலம் விடுவது சங்கமே. விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு உறுப்பினரின் சேமிப்புக்கு, ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு என்று அங்கேயே பிரித்துவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். மீன் அதிகம் பட்டால் தவணை அதிகம். வலை வெறுமனே வந்தால் தவணையும் இல்லை. வங்கிகள் பல வருடம் யோசித்தும் எட்டாத ஒரு வடிவம் இது. கடன் இங்கே மீனின் காலண்டரில் நடக்கிறது.

சங்கம் இல்லாத ஊரில் இதை வீடே செய்யலாம். விற்ற காசு வீட்டுக்குள் வருமுன், கரையிலேயே, நூற்றுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவதுதான் தந்திரம். நாளுக்கு இத்தனை ரூபாய் என்று வைத்தால் மூன்றாம் நாளே தவறிவிடும். நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் எந்த நாளிலும் தவறாது, ஏனென்றால் பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம்தான். கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். மடியில் ஒரு முடிச்சு, சுருக்குப்பையில் ஒரு முடிச்சு. முடிச்சு வீட்டில் இருந்தால் கைமாற்றுக் கேட்டு ஆள் வரும் என்பதால் அதை அஞ்சலகத்துக்கு நகர்த்துவது நல்லது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். கையில் உள்ள நாளில் உள்ளதைப் போடலாம். மாதம் தவறாமல் கட்ட முடிகிறவர்களுக்கு 100 ரூபாயிலிருந்து ஐந்து வருடத் தொடர் வைப்பு உண்டு. அதற்கு 2023 அக்டோபரில் 6.7 சதவீத வட்டி நிர்ணயித்தார்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் கடல் மீனவர்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் இதைவிட நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். உறுப்பினர் 1,500 ரூபாய் கட்ட வேண்டும். அரசு 3,000 சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும். போட்ட பணம் ஒரே வருடத்தில் மும்மடங்கு. இப்படி ஒரு வட்டியை எந்தச் சீட்டுக் கம்பெனி அறிவித்தாலும் போலீஸ் வரும். இங்கே அரசே தருகிறது. தண்டலுக்கு நூறு நாள் தவறாமல் கட்டுகிற வீட்டில் இதற்கு 1,500 கட்டத் தவறினால் அதைவிட நஷ்டம் வேறில்லை.

அடுத்து, வாங்க வேண்டியவை. இந்தக் குப்பங்களில் எதிர்காலச் செலவு என்பது எதிர்பாராத செலவே இல்லை. வலை கிழியும் என்பது தெரியும். இஞ்சின் எந்த வருடம் மக்கர் செய்யும் என்பதும் ஓரளவு தெரியும். ஆனாலும் புது வலை வாங்கும் பணம் சீசன் தொடங்கும் வாரத்தில்தான் தேடப்படுகிறது. அந்த வாரத்தில் அதைத் தரத் தயாராக இருப்பவர் ஒருவர்தான். அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வலையை அவர் பணத்தில் வாங்கினால் அந்த வலையில் விழும் மீனும் அவருடையது. வலைக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து, இறால் ஓடும் மாதங்களில் அதில் போட்டுவைத்தால் அடுத்த வலை சொந்த வலையாக இருக்கும். கவுன்ட்டுக்குச் சண்டை போடும் தைரியம் அப்போது தானாக வரும்.

சீட்டு இதற்கு உதவுமா? உதவும், எந்த முனையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து. மாதம் 1,000 வீதம் இருபது பேர், இருபது மாதம் என்று ஓர் ஏலச் சீட்டு. முதல் மாதமே 5,000 தள்ளி 15,000 எடுக்கிறவர் கடன் வாங்குகிறார். கடைசி வரை பொறுத்து எடுக்கிறவர் சேமிக்கிறார். இருவரும் ‘சீட்டுப் போட்டிருக்கிறேன்’ என்றே சொல்வார்கள். வலைக்காகச் சேர்ந்த சீட்டை வேறு செலவுக்காக நாலாம் மாதமே தள்ளி எடுத்துவிட்டால் அது கடன் பட்டியலில் ஏறிவிட்டது என்று அர்த்தம். பதிவு செய்த சீட்டா என்பதையும் பார்க்க வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, நடத்துபவரின் கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம். ஊருக்குள் நோட்டில் எழுதி நடத்தும் சீட்டுக்கு, நடத்துபவரின் நாணயம் ஒன்றே ஜாமீன்.

இந்தக் கவலையெல்லாம் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். மதராஸ் மாகாணத்து விவசாயிகளின் கடனை ஆராய்ந்து 1895லும் 1897லும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி. ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கியவை போன்ற கிராமக் கடன் சங்கங்கள் வேண்டும் என்பது அவர் முடிவு. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே தமிழகத்தின் முதல் கடன் சங்கம் பதிவானது திரூரில். இதே திருவள்ளூர் மாவட்டத்தில். சில வருடங்களில் அதே நிக்கல்சன் மதராஸ் மீன்வளத் துறைக்கு வித்திட்டார். அந்தத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1910 வாக்கில் பழவேற்காடு ஏரியில் சிப்பி வளர்த்துப் பார்த்தார். கடனை ஆராய்ந்தவரும் மீன்துறையைத் தொடங்கியவரும் ஒரே ஆள். ஆனால் மீனவருக்கான கடன், விவசாயிக்கான கடனுக்குப் பின்தங்கியே வந்தது. விவசாயிக்கு 1998இல் வந்த கிசான் கிரெடிட் கார்டு மீனவருக்கு நீட்டிக்கப்பட்டது 2018-19இல்தான். குறித்த காலத்தில் திருப்பினால் வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கும். 50 சதவீத முன்பணத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், வங்கிக்கு எத்தனை முறை நடந்தாலும் நஷ்டமில்லை.

சட்டத்தின் பக்கமும் இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலில் வந்து மிரட்டுவதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் வந்தது. ஏரியின் மறுகரையில் ஆந்திர அரசு 2010லேயே, நுண்கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்த சமயத்தில், அவசரச் சட்டம் போட்டு வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றச் சொன்னது. ஒரே ஏரி, ஒரே இறால். கரை மாறினால் தவணைக் காலண்டரும் மாறியது. தேதியை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் கரையிலும் அதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாமல். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறைகள் நுண்கடன் நிறுவனங்களுக்குச் சில கட்டளைகள் இடுகின்றன. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தவணையின் கால இடைவெளியைக் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப அமைப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். வாரத் தவணை என்பது விதியல்ல, வழக்கம்தான்.

குழுவாகக் கடன் வாங்கிய பெண்கள் குழுவாகவே போய் இதைக் கேட்க வேண்டும். அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், தவணை மாதம் ஒருமுறையாக இருக்கட்டும், தடைக்காலத்திலும் முகத்துவாரம் அடைபட்ட காலத்திலும் கட்டுவதைத் தள்ளிவைக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். விதி மீறல் இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க வேண்டிய எண் 14448, தமிழில் பேசலாம்.